நாளுக்கொரு பகுதி: தமிழ்க் கிறித்தவ இல்லங்களின் வேத வாசிப்பு மரபும் இலண்டன் கிங்ஸ்பரித் தலைமுறையும்

முன்னுரை

தமிழ் விவிலியத்தின் மொழிபெயர்ப்பு வரலாறும் அச்சு வரலாறும் அறிஞர் பலரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அச்சேறிய அந்நூல் வீட்டுக்குள் நுழைந்தபின் நாள்தோறும் எவ்வாறு வாசிக்கப்பட்டது, உழவும் கடனும் திருமணமும் நோயும் நிறைந்த அன்றாட வாழ்வுக்கு அவ்வாசிப்பிலிருந்து வழிகாட்டுதல் எவ்வாறு பெறப்பட்டது என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாக்களைத் தரங்கம்பாடி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று நிலைக்களங்களின் வழியே ஆராய்ந்து, இன்று வடமேற்கு இலண்டனின் கிங்ஸ்பரியில் வாழும் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களின் நிலையோடு பொருத்திக் காண முற்படுகிறது.

கத்தோலிக்கரும் ஆய்வுலகத்தாரும் ‘விவிலியம்’ என்பதைச் சீர்திருத்தச் சபையினர் ‘வேதாகமம்’ அல்லது ‘வேதம்’ என்பர். இல்ல வழக்கைப் பேசுமிடத்து அவர்தம் ‘வேத வாசிப்பு’ என்னும் தொடரே இங்கும் ஆளப்படுகிறது.

நாள்தோறும் வேதம் வாசித்து வழிகாட்டுதல் பெறும் வழக்கம் மூன்று துணைகளைப் பற்றி நின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து. தாய்மொழியில் வீட்டிலேயே உள்ள நூல் முதல் துணை. நாளுக்கென அளவிடப்பட்ட பகுதி இரண்டாம் துணை. படித்ததை வாழ்வோடு இணைத்துச் சொல்லும் மூத்தோர் மூன்றாம் துணை. புலம்பெயர் சூழலில் முதலிரண்டும் முன்னெப்போதையும்விட எளிதாகக் கிடைக்கின்றன. இடருக்குள்ளாகியிருப்பது மூன்றாவது துணையே.

இலண்டனும் தமிழ் வேதமும்

தமிழ் வேத வாசிப்புக்கும் இலண்டனுக்கும் உள்ள தொடர்பு புலப்பெயர்வால் உண்டானதன்று; அது முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் பணிக்கு 1698இல் இலண்டனில் நிறுவப்பட்ட கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப்பொறியை அனுப்பியது. அப்பொறி வழியில் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு, மீட்கப்பட்டு, 1712இல் தரங்கம்பாடியை அடைந்தது. தமிழ் எழுத்துருக்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. 1714இல் நற்செய்தி நூல்களும் திருத்தூதர் பணிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் அச்சாயின. பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு ‘ரூத்து’ நூல்வரை முடித்து 1719இல் மறைந்தார். பிழைப்புத் தேடி அயல்நாடு சென்ற ஒரு குடும்பத்தையும், கணவனை இழந்தபின் மாமியாரோடு அந்நிய ஊருக்குப் புறப்பட்ட ஓர் இளம்பெண்ணையும் பற்றிய கதை அது. எஞ்சிய பகுதிகளைச் சூல்ட்சே 1728இல் நிறைவு செய்தார்.

பின்னர்ச் சென்னை வேப்பேரியிலிருந்து பணியாற்றிய பெப்ரிசியுசின் புதிய ஏற்பாடு 1772இலும், பழைய ஏற்பாடு அவர் மறைவுக்குப் பின் 1796இலும் நிறைவெய்தின. 1804இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பிரித்தானிய அயல்நாட்டு வேதாகமச் சங்கமும், கொழும்பிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் தோன்றிய அதன் துணைச் சங்கங்களும் நூலின் விலையைக் குறைத்துப் பரப்பின. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில், ஆறுமுக நாவலரின் உழைப்போடு உருவான மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருசேர ஏற்கப்படத்தக்க பாடம் வேண்டுமென்ற நோக்கில் பவர் குழுவினர் செய்த திருப்புதல் 1871இல் முழுமை பெற்றது. இன்று சீர்திருத்தச் சபையார் இல்லங்களில் பெரிதும் வழங்குவது இதுவே.

இந்நூற்பரவலின் சமூக விளைவு ஈண்டுக் கருதத்தக்கது. முழு வேதத்தையும் ஓலையில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் வைத்தல் இயலாது. அச்சுநூல் மலிந்தபின் ஒரு குடும்பம் கோயிலாரையோ உபதேசியாரையோ எதிர்நோக்காமல் தன் கூரையின்கீழ்த் தானே வாசிக்கலாயிற்று. முதல் துணை இவ்வாறு வாய்த்தது.

நாளும் அளவும்

சீர்திருத்தச் சபையாரின் விவிலியம் 1,189 அதிகாரங்களைக் கொண்டது. இத்துணைப் பெரிய நூலை நாள்வாழ்வோடு பிணைக்க வேண்டுமெனில் அதனைப் பகுத்தளத்தல் இன்றியமையாதது. அவ்வாறு பகுக்கும் முறைகள் பல தோன்றின.

1549இல் முதலில் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபையின் பொது மன்றாட்டு நூல், சங்கீதங்கள் 150ஐயும் மாதத்தின் முப்பது நாள்களுக்குக் காலை மாலை எனப் பங்கிட்டது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறையும் புதிய ஏற்பாடு மும்முறையும் வாசிக்கப்படுமாறு அட்டவணை வகுத்தது. ஆங்கிலத் திருச்சபையின் சங்கங்கள் பணியாற்றிய திருநெல்வேலிச் சீமையில் இந்நூல் தமிழில் ‘ஜெபப் புத்தகம்’ ஆக வழங்கியது. மொராவியச் சபையார் 1728 முதல் நாளுக்கொரு வசனம் தெரிந்தெடுத்து வழங்கினர். 1731 முதல் அதனை ஆண்டுநூலாக அச்சிட்டனர். அச்சபையாரின் ஒரு குழு 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறியது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் மக்செயின் 1842இல் வெளியிட்ட நாட்காட்டி நாளுக்கு நான்கு அதிகாரங்களைக் குறித்தது. அவற்றுள் இரண்டைக் குடும்பமாகக் கூடியும் இரண்டைத் தனித்தும் வாசிக்கும்படி அவர் வகுத்தமை, இல்ல வாசிப்பும் தனி வாசிப்பும் வெவ்வேறு பயிற்சிகள் என அக்காலத்தார் உணர்ந்தமைக்குச் சான்றாகும். 1867இல் இலண்டன் இஸ்லிங்டனில் சிறுவர்க்கெனத் தொடங்கிய இயக்கம் ஒன்று 1879 ஏப்பிரல் முதல் நாளில் வெளியிட்ட வாசிப்பு அட்டை, ‘ஸ்கிரிப்சர் யூனியன்’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது.

இவற்றோடு, அட்டவணை எதுவும் வேண்டாத எளிய கணக்குகளும் உண்டு. வார நாளில் மூன்று அதிகாரம், ஞாயிறன்று ஐந்து அதிகாரம் என வாசித்தால் ஓராண்டில் வேதம் முழுதும் முடியும். நீதிமொழிகள் 31 அதிகாரங்கள் கொண்டமையால் தேதிக்கு ஓர் அதிகாரமாக அதனை மாதந்தோறும் வாசித்து முடிக்கலாம்.

தேதிக் கணக்கின் பயனைச் சற்று நுணுகிக் காணலாம். அம்முறையில் வாசிப்பவர் ஒவ்வொரு மாதமும் ஆறாம் தேதியன்று, பிறர் கடனுக்குப் பிணைநிற்பதன் இடரையும் எறும்பின் உழைப்பையும் பேசும் அதிகாரத்தைச் சந்திக்கிறார். பதினைந்தாம் தேதியன்று மென்மையான மறுமொழி சினத்தை ஆற்றுவது பற்றிய அதிகாரம் வருகிறது. முப்பத்தோராம் நாளில் ஒரு தாய் அரசனாகிய தன் மகனுக்குக் கூறிய அறிவுரை வருகிறது. வாசிப்பவர் அன்று பிணைக் கையொப்பம் இடப்போகிறாரா, எவரோடும் சினந்திருக்கிறாரா என்பது அட்டவணைக்குத் தெரியாது. தமக்கு வேண்டியதை வேண்டும்போது தேடாமல், வருவதை வந்த நாளில் ஏற்பதால், மறக்க விரும்பும் அறிவுரையையும் அவர் தவிர்க்க இயலாது. சீட்டுப் பிடித்தலும் நம்பிக்கையின்பேரில் பிணைநிற்றலும் தொழில் முதலுக்கு வழியாக இருக்கும் ஒரு சமூகத்தில் ஆறாம் தேதி வாசிப்பின் நடைமுறைப் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

படிப்பவரும் பயன் சொல்பவரும்

நாள்தோறும் ஓதுதல் தமிழர்க்குப் புதிதன்று. திருமுறைப் பாராயணமும், வைணவர்தம் நித்தியானுசந்தானமும் நெடுங்காலமாக இல்லங்களில் நிலவுபவை. அவற்றில் ஓதப்படுவது பெரும்பாலும் செய்யுள். ஓசையும் மனனமும் அங்கே முதன்மை பெறுகின்றன. பொருள் அறியாதாரும் ஓதிப் பயன்பெறலாம் என்பது அம்மரபின் நம்பிக்கை. நெடிய உரைநடைத் தொடர்களைக் குடும்பமாகக் கூடி அன்றாடம் உரக்க வாசித்தல் என்னும் பழக்கத்தைப் பரவலாக்கியதில் வேத வாசிப்புக்குப் பெரும் பங்குண்டு. தமிழ் உரைநடையின் சமூக வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் முழுமையாக மதிப்பிடப்படவில்லை.

எனினும் வாசிப்பின் அமைப்பு தமிழ் மண்ணுக்கு உரியதே. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழும் புராண படனத்தில் ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்வார். கிறித்தவ இல்லங்களின் மாலைக் குடும்ப ஜெபத்திலும் இத்தகைய பங்கீட்டைக் காணலாம். பாட்டொன்று பாடியபின் பிள்ளைகள் ஆளுக்கொரு வசனமாக வாசிப்பர். தந்தையோ தாயோ பாட்டியோ அதற்குப் பொருள் கூறி, அன்றைய வீட்டு நிலையைச் சுட்டி ஜெபிப்பார். புராண படனத்தில் படிப்பவரும் பயன் சொல்பவரும் புலமை உடையோர். குடும்ப ஜெபத்தில் படிப்பது எழுத்தறிந்த சிறுவர்; பயன் சொல்வது, சில வேளைகளில் எழுத்தறியாத மூத்தோர். எழுத்தறிவு ஒரு தலைமுறைக்கும் வாழ்வறிவு மற்றொரு தலைமுறைக்கும் உரியதாக, இரண்டும் ஒரே பாயில் கூடின.

இவ்வமைப்பு தானே உருவாகிவிடவில்லை. 1799இல் டேவிட் சுந்தரானந்தத்தின் முயற்சியால் எழுந்த முதலூர் தொடங்கித் திருநெல்வேலிச் சீமையின் கிறித்தவக் குடியிருப்புகளில் உபதேசியார்கள் மக்களைக் கூட்டி வேதத்தை வாசித்துக் காட்டினர். எழுத்தறியாதோர் கேட்டு மனனம் செய்தனர். யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியும் 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் வாசிக்கத் தெரிந்த ஆண்களையும் பெண்களையும் உருவாக்கின. பிற்காலத்தில் வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி எழுத்தும் கற்பித்த பெண்பணியாளர்கள், வெளியே செல்ல இயலாதோரிடமும் இப்பழக்கத்தைக் கொண்டு சேர்த்தனர்.

கத்தோலிக்க மரபின் வழி சற்று வேறானது. வீரமாமுனிவர் 1727இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’, ஊர்தோறும் சபையை நடத்திய வேதியர்க்குரிய கடமைகளையும் தியானங்களையும் உரைநடையில் தந்தது. இல்லத்தில் செபமாலையும் செபங்களும் முதன்மை பெற்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு, இறைமக்கள் அனைவரும் விவிலியத்தை வாசிக்க ஊக்குவித்தபின் இரு மரபுகளும் நெருங்கின. அவர்கள் கூட்டாக மொழிபெயர்த்த ‘திருவிவிலியம்’ 1995இல் வெளிவந்தது.

வழிகாட்டுதல் எனப்பட்டது யாது?

மறைநூலிடம் வழி கேட்பதில் இருவேறு முறைகள் உண்டு. ஒன்று, குறித்த ஒரு வினாவோடு நூலை அணுகி உடனே விடை பெறுதல். சைவ மரபில் திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தல் இவ்வகையினது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல்பட்ட வசனத்தை விடையாகக் கொள்ளுதலும், புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டையை எடுத்து அவ்வாண்டுக்குரிய வாக்காக ஏற்றலும் இதனோடு ஒப்பிடத்தக்கன. துயருற்றோர்க்கு இம்முறை தரும் ஆறுதலைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

மற்றொன்று, தொடர்ந்து வாசிப்பதால் விளையும் மனப்பழக்கம். இங்கு விடை ஒரு வசனத்தில் இருப்பதில்லை. பல ஆண்டு வாசித்தவர் ஒரு சிக்கல் நேரும்போது அதனை எடைபோடும் அளவுகோலைத் தம்முள்ளே உடையவராக இருக்கிறார். யோசேப்பின் கதையைப் பலமுறை கேட்டு வளர்ந்த ஒருவர், உடன்பிறந்தாரிடையே காணிப் பிணக்கு நேரும்போது எந்த ஏட்டையும் புரட்ட வேண்டியதில்லை. கதை நினைவில் இருக்கிறது; அதனை நிகழ்வோடு பொருத்தும் பயிற்சியும் இருக்கிறது. திருக்குறளின் வெகுளாமை, இனியவைகூறல் முதலிய அதிகாரங்கள் தமிழர் ஒழுக்கத்தில் செயற்படுவதும் இவ்வாறே ஆகும்.

முதல் முறைக்கு நூலும் கையும் போதும். இரண்டாம் முறைக்குப் பயன் சொல்பவர் தேவை. கதையை வாழ்வோடு பொருத்தும் பயிற்சி ஏட்டிலிருந்து நேரே வருவதில்லை; ஒருவர் அவ்வாறு பொருத்துவதைக் கேட்டும் கண்டும் வருகிறது. வரலாற்றில் வேத வாசிப்பு தந்த வழிகாட்டுதலின் பெரும்பகுதி இத்தகையது என்றே கொள்ள வேண்டும்.

கிங்ஸ்பரியின் நிலை

இன்று இலண்டனின் பிரென்ட் பகுதியில் அடங்கியுள்ள கிங்ஸ்பரி, 1086ஆம் ஆண்டின் ‘டூம்ஸ்டே’ பதிவேட்டிலேயே இடம்பெற்ற ஊர். மிடில்செக்ஸ் நாட்டுப்புறமாக இருந்த அது, 1932 திசம்பரில் தொடருந்து நிலையம் திறக்கப்பட்ட காலத்தையொட்டிப் புறநகராக வளர்ந்தது. பெருகிய மக்களுக்குக் கோயில் வேண்டியிருந்தது. நகர நடுவே வெல்ஸ் தெருவில் 1847இல் எழுப்பப்பட்டு, பின்னர் மக்கள் குறைந்தமையால் மூடப்பட்ட புனித அந்திரேயா ஆலயத்தைக் கல் கல்லாகப் பிரித்துக் கொணர்ந்து, 1934இல் கிங்ஸ்பரியில் மீளக் கட்டினர். அதனருகே இடைக்காலத்துப் பழைய ஆலயமும் நிற்கிறது.

1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாக இலண்டனுக்கு வந்தபோது, வெம்பிளி, ஹாரோ முதலிய இடங்களைப் போலவே கிங்ஸ்பரியிலும் குடியமர்ந்தனர். தமிழகத்திலிருந்தும் பலர் வந்து சேர்ந்தனர். முதன்மொழிபற்றிய வினா முதன்முதலாக இடம்பெற்ற 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழை முதன்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 1,01,000 பேர். 2021இல் இத்தொகை ஏறத்தாழ 1,25,000 ஆயிற்று. இவருள் கிறித்தவர் சிறுபான்மையினர். ஆங்கிலச் சபைகளின் கோயில்களையும் மண்டபங்களையும் இரவல் பெற்று வழிபடும் தமிழ்ச் சபைகள் இலண்டனில் பல உள.

வந்த தலைமுறைக்கு வேத வாசிப்பு தனிப்பொருள் கொண்டிருந்தது. பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டோர் ஆற்றங்கரையில் அழுத சங்கீதமும், அங்கே வீடு கட்டித் தோட்டம் நட்டு அந்நகரின் நலத்துக்காக மன்றாடும்படி அவர்களுக்கு எரேமியா எழுதிய மடலும் ஒரே நூலுள் இருக்கின்றன. முன்னது இழந்த ஊரை மறவாதிருக்கச் சொல்கிறது. பின்னது வந்த ஊரில் வேரூன்றச் சொல்கிறது. தாயகத்துக்குத் திரும்புவதா, கிங்ஸ்பரியில் வீடு வாங்குவதா எனத் தடுமாறிய ஒருவருக்கு ஒரு வசனம் மட்டும் தீர்ப்பளிக்காது. இரண்டையும் வாசித்தவர் தம் தடுமாற்றம் பழமையானது என்பதையும், அதனோடு வாழ இயலும் என்பதையும் அறிகிறார். ‘சமாதானம்’ என்னும் சொல்லும் அவ்வாறே. போர்க்காலத்தில் பேச்சுவார்த்தைச் செய்திகளில் அன்றாடம் அடிபட்ட அச்சொல், காலை வாசிப்பிலும் எதிர்ப்பட்டது. செய்தியில் தோற்ற சொல்லை வேதத்தில் மீண்டும் நம்ப வேண்டியிருந்தது.

அடுத்த தலைமுறையின் நிலை வேறு. கிங்ஸ்பரியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்வர். எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்படுவர். வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் எழுத்தைக் கற்றவர்க்கும் 1871ஆம் ஆண்டுத் திருப்புதலின் நடை எளிதன்று. ‘கிருபை’, ‘இரட்சிப்பு’, ‘நீதிமான்’ என வடசொற்கள் மலிந்த அந்நடை பேச்சுவழக்கினின்று தொலைவிலுள்ளது. ‘அருள்’, ‘மீட்பு’ எனப் பெயர்க்கும் திருவிவிலியம் விளங்குவதற்கு எளிது. ஆயினும் பாட்டி மனனம் செய்த சொற்கள் அதில் இல்லை. ஆதலால் பிள்ளைகள் ஆங்கில விவிலியத்தை எடுத்துக்கொள்கின்றனர். கைப்பேசிச் செயலி அன்றைய பகுதியை நினைவூட்டுகிறது. தமிழ்ப் பாடத்தை ஒலிவடிவிலும் தருகிறது. நூலும் அளவும் சட்டைப் பையிலேயே உள்ளன.

நிகழ்ந்திருப்பது யாதெனில், முன்பு ஒரே பாயில் கூடிய எழுத்தறிவும் வாழ்வறிவும் இப்போது வெவ்வேறு மொழிகளில் வாழ்கின்றன. தந்தை இரவுப்பணி முடிந்து வருமுன் பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகிறது. பாட்டி தமிழில் வாசிக்கிறார். பேரப்பிள்ளை அறைக்குள் ஆங்கிலத்தில் வாசிக்கிறது. இருவரும் அன்றைய பகுதியைத் தவறாது வாசித்திருக்கலாம். ஆயினும் ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பயன் சொல்வதில்லை. அகதியாக வந்த ஒருவர் எரேமியாவின் மடலை எவ்வாறு வாசித்தார் என்பதை அவர்தம் பேரப்பிள்ளைக்கு எந்த ஆங்கில விளக்கவுரையும் கூறாது. அந்த உரை எங்கும் எழுதப்படவில்லை. கூறுவார் இல்லையெனில் அது அவரோடு முடிந்துவிடும்.

ஆங்கில வாசிப்பு குறையுடையது என்பது இதன் பொருளன்று. தாய்மொழியில் வாசித்தலே சீர்திருத்தச் சபையாரின் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கைப்படி ஆங்கிலத்தில் சிந்திக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் வாசிப்பதே முறை. பழந்தமிழ்க் குடும்ப ஜெபத்திலும் படிப்பவரும் பயன் சொல்பவரும் வேறுவேறாகவே இருந்தனர். எழுத்தறியாத பாட்டிக்கு அன்று பிள்ளை வாசித்துக் காட்டியதுபோல, இன்று பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு பகுதியை வாசிக்க, பாட்டி அதனையே தமிழில் வாசித்துத் தமிழில் பயன் சொல்லலாம். இருமொழிக் குடும்ப ஜெபம் மரபின் சிதைவாகாது. அதன் பழைய பங்கீட்டின் தொடர்ச்சியே ஆகும். அதற்கு நாளில் கால்மணி நேரம் எல்லாரும் ஓரிடத்தில் கூடுதல் வேண்டும். பணிநேரங்கள் பொருந்தாத இலண்டன் வாழ்வில் அக்கால்மணி நேரமே அரிதாகியுள்ளது.

முடிவுரை

தரங்கம்பாடியில் நூல் கிடைப்பதே அரிதாக இருந்தது. இலண்டனிலிருந்து பொறி வந்தது. திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் வாசிப்போர் அரியராக இருந்தனர். உபதேசியார்களும் பள்ளிகளும் அக்குறையைத் தீர்த்தன. கிங்ஸ்பரியில் நூலுக்கும் வாசிப்போர்க்கும் குறைவில்லை; பயன் சொல்லும் நேரமும், அதனைக் கேட்டற்குரிய பொதுமொழியும் அரியவாகியுள்ளன. ஒவ்வொரு காலத்திலும் இம்மரபு தன் குறையை அறிந்து அதற்கேற்ற வழியைக் கண்டமையாலேயே நிலைத்தது.

தமிழியல் ஆய்வுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அச்சுநூல்களை நூலகங்கள் காத்துவருகின்றன. அந்நூல்களின் ஓரங்களில் எழுதப்பட்ட குறிப்புகளும், பிறப்பு இறப்பு நாள்கள் பதியப்பட்ட முன்தாள்களும், மூத்தோர் வாய்மொழியாகச் சொல்லும் பயன்களும் வீடுகளிலேயே உள்ளன. வீடு மாறும்போதும் முதியோர் மறையும்போதும் அவை அழிகின்றன. புலம்பெயர் தமிழ்ச் சபைகளும் பல்கலைக்கழகங்களும் இணைந்து, முதல் தலைமுறையினர் தாம் வாசித்த பகுதிகளுக்குத் தாமே கூறும் பயனை ஒலிப்பதிவு செய்து காத்தல் உடனடித் தேவையாகும். தமிழர் ஒரு நூலை எவ்வாறு வாழ்வாக்கினர் என்பதற்கு அதனினும் நேரான சான்று கிடைத்தல் அரிது.